தாமதமாகக் கேட்ட இசை

1963 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் டியூக் எலிங்டன் என்னும் அமெரிக்கக் கறுப்பின இசைமேதை தமது வாத்தியக் குழுவுடன் இலங்கைக்கு வந்திருந்தார். அவரை அனுப்பி வைத்தது அமெரிக்க அரசின் இராஜாங்கத் திணைக்களம். சிரியா, யோர்தான், ஆப்கானிஸ்தான், இந்தியா எனத் தொடர்ந்த நெடும் பயணத்தின் ஒரு கட்டமாக அவ்வருகை அமைந்தது. நாம் அப்பொழுது பல்கலைக்கழக மாணவர். எமது அறையில் கூடிய நண்பர் சிலர், டொலர் ஏகாதிபத்தியம் மேளம் அடித்துக்கொண்டு வருகிறது, அதைக் கேட்கப் போகலாகாது என்று தீர்மானித்தோம். கச்சேரிக்குச் சீட்டு வாங்க எவரிடமும் காசு இருக்கவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாமையைக் கொள்கையாக்கிக் கொள்வதில் மாணவர்க்கு ஈடு மாணவரே.

அதே ஆண்டு செப்டெம்பர் மாதத்தில்தான் பேர்மிங்ஹாம் நகரத் தேவாலயம் ஒன்றில் குண்டு வெடித்து நான்கு கறுப்பினச் சிறுமியர் மாண்டனர். தன் நாட்டிலே கறுப்பரைக் கொல்ல விட்டுவிட்டுப் பிற நாடுகளுக்குக் கறுப்பரின் இசையை ஏற்றுமதி செய்யும் அரசின் கபடத்தை நாம் சரியாகவே கண்டுகொண்டோம். ஆனால் அந்தக் கபடத்தைக் கண்ட கண், இசையைக் காணவில்லை. கொல்லப்பட்ட அந்தச் சிறுமியர்க்காக அவ்வாண்டு நவம்பரிலேயே ‘அலபாமா’ என்ற பெயரில் ஒப்பாரி போன்றதொரு இசையை ஒலிப்பதிவு செய்தவரும் ஒரு ஜாஸ் கலைஞரே. ஜோன் கோல்ட்றேன் அவர் பெயர். இதனை நாம் அறிந்தது நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னர்.

அறிய வைத்தவர் எமது பழைய மாணவர் ஒருவர். நாம் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்றவர். 2004 ஆம் ஆண்டு நவம்பரில், யப்பானில் பொறியியலாளராய் இருந்த அம்மாணவர் விடுமுறையில் வந்தபோது எமது வீட்டுக்கும் வந்தார். கையில் ஓர் இறுவட்டு. தேநீர் அருந்தி முடிந்ததும் அவர் சொன்னார்: “சேர், நீங்கள் படிப்பிச்ச பாடத்திலை ஒரு பாதி விடுபட்டுப் போச்சுது. அந்தப் பாதி இதுக்குள்ளை இருக்கு.”

எமக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். அசற்றிலீன் வாயுவை ஐதான சல்பூரிக்கமிலத்துள் செலுத்தினால் நீருடன் தாக்கமுற்று அசற்றல்டிகைட்டு உண்டாகும். இதற்கு இரசத்தின் சல்பேற்று ஊக்கியாக வேண்டும். ஊக்கி தாக்கத்தை விரைவாக்கும். ஆனால் தாக்கத்தின் முடிவில் தான் மாற்றமின்றி எஞ்சும். இதனை நாம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையில் எழுதினோம். அம்புக்குறியின் மேலே ஊக்கியின் பெயரை எழுதி, மாணவர் மறவாதிருக்கும்படி அதன்கீழ் ஒரு கோடும் இழுப்போம். பரீட்சையில் அதற்குப் புள்ளியும் உண்டு. ஆயினும், “அந்த இரசம் பிறகு எங்கை போகுது எண்டு நீங்கள் சொல்லேல்லை, சேர்” என்றார் அவர்.

அது போன இடம் யப்பானின் கியூசூ தீவிலுள்ள மினமாத்தா என்னும் கடற்கரை ஊர். இறுவட்டில் இருந்தது அந்த ஊரின் பெயர் தாங்கிய இசை. அதனை ஆக்கியவர் தொஷிக்கோ அக்கியோஷி என்னும் பெண்மணி. பியானோக் கலைஞர், பெரும் வாத்தியக் குழு ஒன்றின் தலைவி. நாம் மேளம் என்று ஒதுக்கிய அதே ஜாஸ் இசைதான் அவருடைய கலை.

அன்று மாலை அந்த இசையைக் கேட்ட பின்னர் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படிக்கலானோம். படிக்கப் படிக்க, முற்போக்காளர் எளிதிற் கையாளக்கூடிய வாழ்க்கையன்று அது என்பது புலனாயிற்று.

அவர் 1929 ஆம் ஆண்டு டிசம்பர் 12 ஆம் திகதி மஞ்சூரியாவில் லியாவோயாங் என்னும் நகரிற் பிறந்தார். யப்பானியப் படைகள் மஞ்சூரியாவைக் கைப்பற்றத் தொடங்கியது 1931 இல். ஆதலால் அக்குழந்தை வளர்ந்த வீடு, அடிமைகொண்டவரின் வீடு. நான்கு பெண்பிள்ளைகளுள் கடைக்குட்டி, வசதியான குடும்பம், சிறு வயதிலேயே பியானோப் பயிற்சி. சீன உழவரின் நிலத்தில் எழுந்த அந்த வசதிக்கு 1945 இல் முடிவு வந்தது. யப்பான் தோற்றது, குடும்பம் சொத்தனைத்தையும் இழந்து தாய்நாட்டுக்குத் திரும்பியது. தாய்நாடு என்பது அந்தப் பதினாறு வயதுப் பெண்ணுக்குப் பெரும்பாலும் பெயரளவில் அறிந்த நாடே. கியூசூவின் கிழக்குக் கரையிலுள்ள பெப்பு என்னும் வெந்நீரூற்று நகரில் அவர்கள் குடியேறினர். மினமாத்தா அதே தீவின் மேற்குக் கரையில் உள்ளது.

வீட்டிற் பியானோ இல்லை, வாங்க வழியுமில்லை. ஆனால் பெப்புவில் அமெரிக்க ஆக்கிரமிப்புப் படைகள் தங்கியிருந்தன. படைகள் இருந்த இடத்தில் நடன மண்டபங்கள் இருந்தன. நடன மண்டபத்திற் பியானோ இருந்தது. பியானோ வாசிப்பவர் தேவை என்ற அறிவித்தலைக் கண்டு அப்பெண் உள்ளே சென்றார். பெற்றோர் அவரை மருத்துவம் படிப்பிக்க எண்ணியிருந்தனர். அவர் விரும்பியதோ விரல்களுக்குக் கீழே ஒரு பியானோ. அது எங்கே கிடந்தாலும் சரி.

இந்த இடத்தில் நாம் நெடுநேரம் தயங்கினோம். தோற்ற நாட்டின் பெண் ஒருத்தி, வென்ற நாட்டின் சிப்பாய்கள் ஆடுவதற்காக வாசிக்கிறாள். இதைவிட இழிந்த தொடக்கம் ஒரு கலைக்கு இருக்க முடியுமா என்று எமது மாணவப் பருவத்து நாவு கேட்டிருக்கும். ஆனால் அங்கேதான் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. அவ்வூரில் இசைத்தட்டுக்கள் சேர்க்கும் ஒருவர் அவரை அழைத்து ஒரு தட்டைச் சுழல விட்டார். டெடி வில்சன் என்னும் கறுப்பினக் கலைஞர் பியானோவில் வாசித்த ‘ஸ்வீட் லொரெய்ன்’ அது. அன்று முதல் அப்பெண்ணுக்கு அதுவே இலட்சியமாயிற்று. ஆக்கிரமிப்புப் படை கொண்டுவந்தவை பல. அவற்றுள், அப்படையை அனுப்பிய நாட்டிலேயே ஒடுக்கப்பட்டுக் கிடந்த மக்களின் கலையும் எப்படியோ கலந்து வந்து சேர்ந்தது. கப்பல்காரன் அறியாமற் கப்பலில் ஏறிய விதை என்று அதனைச் சொல்லலாம்.

பின்னர் ரோக்கியோ. 1951 அளவில் தமக்கென ஒரு சிறு குழுவை அமைத்துக்கொண்டார். பிற்காலத்திற் பெரும் புகழ் பெற்ற சாக்ஸபோன் கலைஞர் சடாஓ வத்தனாபேயும் அக்குழுவில் வாசித்தவரே. பட் பவல் என்னும் பியானோ மேதையின் தட்டுக்களை மீட்டி மீட்டிக் கேட்டு, சுரஞ்சுரமாக எழுதிக் கற்றார். அந்நாளில் அதற்குப் பாடநூலோ பாடசாலையோ யப்பானில் இல்லை, தட்டே ஆசான். 1953 இல் நோர்மன் கிரான்ஸ் என்பவர் அமெரிக்கக் கலைஞர் குழு ஒன்றுடன் யப்பானுக்கு வந்தபோது, அக்குழுவைச் சேர்ந்த ஒஸ்கார் பீற்றர்சன் இவருடைய வாசிப்பைக் கேட்டு வியந்து கிரான்ஸிடம் எடுத்துரைத்தார். அதன் பயனாக ரோக்கியோவிலேயே முதலாவது இசைத்தட்டு ஒலிப்பதிவாயிற்று. 1956 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள பேர்க்லி இசைக் கல்லூரி அவருக்குப் புலமைப்பரிசில் வழங்கி அழைத்தது. அங்கு படித்த முதல் யப்பானிய மாணவர் அவரே.

அமெரிக்கா அவரை எவ்வாறு வரவேற்றது? அதே 1956 இல், வந்தவரின் தொழிலைக் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கும் ஒரு பிரபல தொலைக்காட்சி நிகழ்ச்சியிலே, கிமோனோ உடுத்திய இந்தச் சிறு உருவத்தைக் கொண்டுவந்து இருத்தினார்கள். கிமோனோவுக்கும் ஜாஸுக்கும் உள்ள பொருத்தமின்மையே அங்கே விற்பனைச் சரக்கு. யப்பானியப் பெண் ஒருத்தி பட் பவலைப் போல வாசிக்கிறாள் என்ற புதினத்துக்காகவே தமக்கு அந்நாளில் இவ்வளவு கவனம் கிடைத்தது என்பதை அவரே பின்னர் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். புதினம் பழகிப் போனதும் கவனமும் போயிற்று. சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவை மணந்தார். மகள் மிச்சிரு பிறந்தாள். 1967 இல் மணமுறிவு. இடையே சார்ள்ஸ் மிங்கஸின் குழுவிலும் சில காலம் வாசித்தார். 1967 இல் நியூயோர்க் டவுன் ஹாலிலே தாம் எழுதிய இசையைப் பெருங்குழு ஒன்றைக் கொண்டு அரங்கேற்றினார். ஆனால் ஒரு மாலைக் கச்சேரியால் குழந்தையின் வயிறும் நிறையாது, கலைஞரின் மனமும் நிறையாது. இசையையே விட்டுவிடலாமோ என்று எண்ணிய காலமும் அவருக்கு இருந்தது.

1969 இல் லூ தபக்கின் என்னும் சாக்ஸபோன், புல்லாங்குழல் கலைஞரை மணந்தார். கணவருக்குத் தொலைக்காட்சி வாத்தியக் குழு ஒன்றிலே தொழில். அக்குழு 1972 இல் லொஸ் ஏஞ்சலிசுக்கு மாறியபோது இவர்களும் மாறினர். அந்நகரிலே சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் கூலிக்கு வாசிக்கும் தேர்ந்த கலைஞர் ஏராளம். பகல் முழுவதும் பிறர் எழுதிக் கொடுத்த ஏதோ சில சுரங்களை வாசித்து வயிறு வளர்ப்பவர்கள். அவர்களைக் கூட்டி 1973 இல் அக்கியோஷி அம்மையார் ஒரு பெருங்குழுவை அமைத்தார். இசைத் தொழிலாளர் சங்கத்தின் பயிற்சி அறை சொற்ப வாடகைக்குக் கிடைத்தது. கூலி இல்லை, கச்சேரிகளும் முதலில் அதிகம் இல்லை. ஆயினும் வாரந்தோறும் அவர்கள் வந்தார்கள். கூலிக்கு வாசித்துக் களைத்த கை, கூலியின்றி வாசித்து இளைப்பாறியது போலும். தொழிற்சங்கம் என்றால் சம்பள உயர்வு கேட்கும் இடம் என்று மட்டுமே எண்ணியிருப்போர் இதனைக் கவனிக்க வேண்டும்: அந்த அறை இல்லையேல் அந்தக் குழு இல்லை.

அக்குழு வாசித்த இசை முழுவதையும் எழுதியவரும் அமைத்தவரும் அவரே. சாக்ஸபோன் வாசிப்போர் ஐவரையும் புல்லாங்குழல், கிளரினெற் முதலியவற்றையும் ஏந்தச் செய்து, இரைச்சலுக்குப் பேர்போன பெருங்குழுவிலிருந்து மூங்கிற் புதரிற் காற்றசைவது போன்ற ஒலியை எழுப்பினார். இசை நுணுக்கம் பேச எமக்குத் தகுதியில்லை, கேட்டதைச் சொல்கிறோம்.

அவர்களுடைய முதல் இசைத்தட்டுக்குப் பணம் போட்டது அமெரிக்கக் கம்பனியன்று, யப்பானியக் கம்பனி. 1974 இல் வெளிவந்த அத்தட்டின் பெயர் ‘கோகுன்’; தனித்து நின்று போராடும் படை என்பது பொருள். இங்கே எமக்கும் எமது மாணவருக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. அந்த இசைக்குத் தூண்டுதலாய் அமைந்தது ஹிரூ ஒனோடா என்னும் யப்பானியப் படை அதிகாரியின் கதை. 1944 இன் இறுதியிலே பிலிப்பைன்சின் லுபாங் தீவுக்கு அனுப்பப்பட்ட அவர், போர் முடிந்ததை நம்ப மறுத்துக் காட்டிலே ஒளிந்திருந்து, 1974 மார்ச் மாதத்திற் சரணடைந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளையும் ஒன்றுமில்லாத ஒன்றுக்காக இழந்த மனிதனின் அவலமே அம்மையாரின் மனத்தைத் தொட்டது. பெருங்குழுவின் முழக்கத்தினிடையே நோ நாடகத்துக்குரிய துசுமி முரசும் பாடகரின் அடித்தொண்டைக் குரலும் ஒலிக்கின்றன. துசுமி, எமது உடுக்கைப் போல இடை சிறுத்த முரசு. அந்த ஒலி கேட்டதும் உடல் சிலிர்த்தது உண்மை.

ஆனால் நாம் கேட்டோம்: லுபாங் தீவின் உழவர் எங்கே? அந்த முப்பது ஆண்டுகளில் ஒனோடாவும் அவருடைய கூட்டாளிகளும் கொன்ற தீவு மக்கள் முப்பது பேரளவில் என்று சொல்லப்படுகிறது. வயலுக்குப் போனவன், மாடு மேய்த்தவன் அவர்களே. அவர்களுக்கு இந்த இசையில் ஒரு துளை கூட ஊதப்படவில்லையே! மஞ்சூரியாவில் வளர்ந்த குழந்தையின் செவியிலே சீன உழவனின் குரல் விழாதது போல, இங்கே பிலிப்பைன்ஸ் உழவனின் குரலும் விழவில்லை என்றோம். மாணவர் ஒப்பவில்லை. “சேர், அது சிப்பாயைப் புகழுற பாட்டில்லை. ஏமாத்தப்பட்டவனைப் பாத்து அழுற பாட்டு” என்றார். ஏவியவர்கள் வீட்டில் இருக்க, ஏவப்பட்டவன் காட்டிற் கிடந்தான் என்பது அவருடைய வாதம். அதில் நியாயமுண்டு. எமது கேள்வியிலும் நியாயமுண்டு. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. எழுதும் கடிதங்களிலே நாம் இருவரும் அதனை இடையிடையே கிளறிக்கொள்வோம்.

1974 மே மாதத்தில் டியூக் எலிங்டன் காலமானார். எலிங்டன் தம் இனத்தின் வரலாற்றை எவ்வாறு தம் இசையின் உள்ளுயிராக்கினார் என்பது பற்றி அப்பொழுது வெளிவந்த கட்டுரை ஒன்று அக்கியோஷியை ஆழமாகச் சிந்திக்க வைத்தது. தம் மரபையும் அவ்வாறே ஜாஸுக்குக் கொடையாக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு அப்பொழுது உறுதிப்பட்டது. அவருடைய யப்பானிய நாட்டம் முழுவதும் அந்த மரணத்திலிருந்தே தொடங்கியது என்று எழுதுவாருளர். ‘கோகுன்’ அதற்கு முன்னரே ஒலிப்பதிவானது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். கலைஞர் கையால் முதலிற் செய்துவிட்டுப் பின்னரே காரணம் கண்டுபிடிப்பதும் உண்டு. எதுவாயினும், 1963 இல் எமது தீவுக்கு வந்து நாம் கேட்க மறுத்த அதே எலிங்டனிடமிருந்து, பிறர் கலையைக் கற்றவர் அக்கலைக்குத் திருப்பிக் கொடுக்கவும் கடமைப்பட்டவர் என்ற பாடத்தை ஒரு யப்பானியப் பெண் கற்றார் என்பதைப் படித்தபோது வெட்கமாகத்தான் இருந்தது. தேசிய இலக்கியம், மண்வாசனை, மரபு என்று அறுபதுகளில் நாம் தொண்டை வற்ற விவாதித்தோம். எமது விவாதத்தில் வாங்குவதைப் பற்றிய அச்சமே பெரிதாயிருந்தது; கொடுப்பதைப் பற்றிப் பேசியவர் குறைவு.

‘மினமாத்தா’வுக்கு வருவோம். 1976 இல் வெளியான ‘இன்சைற்ஸ்’ என்ற தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதையும் நிரப்பிய இசை அது. இருபது நிமிடங்களுக்கு மேல். மூன்று பகுதிகள்: அமைதியான கிராமம், செழிப்பும் அதன் விளைவும், முடிவுரை.

அந்தச் செழிப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். மினமாத்தாவில் இருந்த சிஸ்ஸோ இரசாயனக் கம்பனி 1932 இல் அசற்றல்டிகைட்டு உற்பத்தியைத் தொடங்கியது. நாம் கரும்பலகையில் எழுதிய அதே தாக்கம். ஊக்கி மாற்றமின்றி எஞ்சும் என்று நாம் சொன்னோமல்லவா? அதன் ஒரு சிறு பகுதி எஞ்சுவதில்லை. மெதயில் இரசமாக மாறிவிடுகிறது. கழிவு நீரோடு அது குடாக்கடலிற் சேர்ந்தது. கடலில் மீன், மீனைத் தின்ற பூனைகள் பித்தேறிச் சுழன்று கடலில் வீழ்ந்தன, மீனைத் தின்ற மனிதர் நடை தளர்ந்து, நாத் தடுமாறி, பார்வை குறுகி, வலிப்புற்று மாண்டனர். நோயற்றவர் போலத் தோன்றிய தாய்மாரின் வயிற்றிலிருந்த குழந்தைகள் நோயோடு பிறந்தன. 1956 மே மாதம் முதலாந் திகதி இந்நோய் முறைப்படி அறிவிக்கப்பட்டது. மே தினம் என்பதைக் கவனிக்க.

அறிவித்தவர் கம்பனியின் சொந்த வைத்தியசாலைப் பணிப்பாளர் ஹஜிமே ஹொசோக்காவா. 1959 இல் அவர் தொழிற்சாலைக் கழிவைப் பூனை ஒன்றுக்கு உணவிற் கலந்து கொடுத்துப் பார்த்தார். அதற்கும் அந்நோய் கண்டது. கம்பனி அந்த முடிவை மறைத்தது. அதே ஆண்டு டிசம்பரில், அனுதாபப் பணம் என்ற பெயரிற் சொற்பத் தொகையைக் கொடுத்து, நோய்க்குத் தொழிற்சாலையே காரணம் என்று பின்னர் நிரூபணமானாலும் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை என்று ஏழை மீனவரிடம் ஒப்பம் வாங்கியது. அந்த உற்பத்தி 1968 இல் நின்ற பின்னரே அரசு வாய் திறந்து காரணத்தை ஒப்புக்கொண்டது. 1973 மார்ச்சில் நீதிமன்றம் கம்பனியைக் குற்றவாளியாகக் கண்டது. அரசும் பொறுப்பாளியே என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்ததோ 2004 ஒக்டோபரில்; எமது மாணவர் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்.

இவற்றுள் எம்மை மிகவும் உறுத்தியது கம்பனியின் கொடுமையன்று, அது எதிர்பார்க்கத்தக்கது. 1959 இல் மீனவர் கிளர்ந்தெழுந்து தொழிற்சாலைக்குட் புகுந்தபோது தொழிலாளர் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. ஆலை மூடப்பட்டால் தம் அடுப்பும் அணையும் என்ற அச்சம். நகரமே மீனவரை எதிரியாகப் பார்த்தது. பின்னர் அத்தொழிலாளரே பெரும் வேலைநிறுத்தத்தில் அடிபட்டு, தாமும் கம்பனியால் ஏமாற்றப்பட்டவரே என உணர்ந்து, 1968 ஓகஸ்டில் அவர்களுடைய பழைய சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது: மினமாத்தா நோய்க்கு எதிராக இதுவரை போராடாதிருந்தது எமக்கு வெட்கம் என்று. வெட்கப் பிரகடனம் என்றே அது வழங்கப்படுகிறது. உலகத் தொழிற்சங்க வரலாற்றில் அதற்கு ஈடான ஆவணங்கள் மிகச் சிலவே இருக்கும் என்று நினைக்கிறோம். எமது பாடசாலைகளில் அது படிப்பிக்கப்படுவதில்லை.

இந்த அவலத்தைப் பலர் பதிவு செய்தனர். மிச்சிக்கோ இஷிமுரே என்னும் மினமாத்தாப் பெண் எழுத்தாளர் 1969 இல் நூலாக எழுதினார். இயூஜின் சிமித் என்னும் அமெரிக்கர் 1971 முதல் மூன்றாண்டுகள் அங்கு வாழ்ந்து புகைப்படங்களாக்கினார். கம்பனியாட்களால் அடியுண்டு கண் பழுதாகும் அளவுக்கு வருந்தினார். அதே சிமித், அதற்கு முன்னர் நியூயோர்க்கிலே ஓர் இடிந்த கட்டிடத்தின் மேல்மாடியில் குடியிருந்து, இரவிரவாக அங்கு கூடி வாசித்த ஜாஸ் கலைஞரை ஆயிரக்கணக்கான மணிநேரம் ஒலிப்பதிவு செய்தவர் என்பது தற்செயலா? நாம் அறியோம். செவியும் கண்ணும் ஒரே மனிதனுக்கு இருந்தன.

இசை ஒரு சிறுமியின் குரலோடு தொடங்குகிறது. ஓர் ஊர் உண்டு, அதன் பெயர் மினமாத்தா என்பதைத் தவிர அக்குரல் அதிகம் சொல்வதில்லை. குரலுக்குரியவள் அம்மையாரின் மகள் மிச்சிருவே. பின்னர் குழல்கள்; அலையில்லாக் கடல் போன்ற அமைதி. இரண்டாம் பகுதியிலே பித்தளை வாத்தியங்கள் கிளர்ந்தெழுகின்றன. அந்த முழக்கம் கேட்பதற்கு மிக இனிமையானது. கால் தானாகத் தாளம் போடுகிறது. முதன்முறை கேட்டபோது எமக்குக் கோபமே வந்தது. இத்தனை பெரிய சாவைப் பாடும் இடத்தில் ஆடவைக்கும் தாளமா? இரண்டாம் முறை கேட்டபோதுதான் உறைத்தது. செழிப்பு அப்படித்தான் வந்தது. தொழிற்சாலை வந்தபோது ஊர் ஆடியது. சம்பளம், மின்விளக்கு, கடைத்தெரு, பாடசாலை எல்லாம் வந்தன. ஆடிய காலின் கீழேதான் நஞ்சு ஓடிற்று. கேட்பவனையும் ஆடவைத்து, ஆடியவனாகிய உன் பங்கு என்ன என்று அந்த இசை கேட்கிறது. இறுதியில் நோ பாடகரின் குரலும் துசுமியின் தனித்தனி அடிகளும். ஒவ்வோர் அடிக்குமிடையே உள்ள மௌனம் கரும்பலகையைப் பார்த்து நிற்கும் வகுப்பின் மௌனம் போல எமக்குப் பட்டது.

தம்மை அரசியற் கலைஞர் என்று அம்மையார் அழைத்துக்கொண்டதாக நாம் எங்கும் படிக்கவில்லை. கலை உலகத்தை மாற்றும் என்ற எமது பழைய உறுதிமொழியும் அவரிடம் இல்லை. ‘ஹிரோசிமா’ பற்றி எழுதுமாறு அவ்வூர்ப் பௌத்த துறவி ஒருவர் கேட்டு, குண்டுவீச்சின் புகைப்படங்களை அனுப்பியபோது, இத்தகைய கொடூரத்தை இசையாக்குவதில் என்ன பொருள் என்று அவர் முதலிற் தயங்கினார். படங்களுள் ஒன்றிலே, நிலத்தடிப் புகலிடத்திலிருந்து வெளிவரும் இளம் பெண்ணின் முகத்தில் மெல்லியதொரு புன்னகையைக் கண்ட பின்னரே எழுதச் சம்மதித்தாராம். 2001 ஓகஸ்ட் 6 ஆம் திகதி அந்த இசை ஹிரோசிமாவிலேயே அரங்கேறியது. அதன் கடைசிப் பகுதியின் பெயர் ‘நம்பிக்கை’. ஐந்து வாரங்களின் பின்னர் அவர் வாழ்ந்த நியூயோர்க்கிலேயே கோபுரங்கள் வீழ்ந்தன. அதன் பிறகு தம் கச்சேரிகளை ‘நம்பிக்கை’யுடன் முடிப்பதை வழக்கமாக்கிக் கொண்டார்.

புகழ் வந்தது, பணம் அவ்வளவாக வரவில்லை. அமெரிக்காவின் கிராமி விருதுக்குப் பதினான்கு தடவை பிரேரிக்கப்பட்டு ஒருமுறையேனும் பெறாதவர். 1982 இல் நியூயோர்க்குக்குத் திரும்பிப் புதிய கலைஞரைக் கொண்டு குழுவை மீண்டும் அமைத்து நடத்தினார். பிந்திய ஆண்டுகளில் அமெரிக்கக் கம்பனிகள் அக்குழுவின் தட்டுக்களை வெளியிட ஆர்வம் காட்டவில்லை. முப்பது ஆண்டு நடந்த குழுவை 2003 ஒக்டோபரில் கார்னகி மண்டபக் கச்சேரியோடு கலைத்தார். பெருங்குழுவுக்கு எழுதிக்கொண்டே இருந்ததாற் பியானோவைக் கவனிக்க நேரமில்லாது போயிற்று, இனிப் பியானோ பயில வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அப்பொழுது அவருக்கு வயது எழுபத்து மூன்று. ஆக, எமது வீட்டில் நாம் அந்த இசையை முதன்முதலிற் கேட்ட நாளில் அக்குழு இல்லை. எலிங்டனைக் கேளாது விட்டோம். இவரைக் கேட்கும்போது காலம் கடந்துவிட்டது.

எமது மாணவர் மறுநாள் கொழும்புக்குப் பயணமானார். இறுவட்டை எமக்கே விட்டுச் சென்றார். அக்காலத்தில் அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவர் மாலையில் எம்மிடம் இரசாயனம் படிக்க வருவர். அந்த வாரம் அல்கைன்கள் பற்றிய பாடம். விறாந்தையிற் சாத்தியிருந்த சிறு கரும்பலகையில் அசற்றிலீனை எழுதினோம்; அம்புக்குறியை எழுதினோம்; அதன் மேலே ஊக்கியை எழுதி, வழக்கம்போற் கோடும் இழுத்தோம். பின்னர் அந்தக் கோட்டின் முனையைக் கீழ்நோக்கி வளைத்து, பலகையின் அடிவரைக்கும் கொண்டுசென்று, அங்கே ஒரு மீனை வரைந்தோம். சித்திரம் எமக்கு வராது. அது மீனைப் போலவும் இல்லை.

“இது பரீட்சைக்கு வருமோ, சேர்?” என்று மூத்த பிள்ளை கேட்டாள்.

வராது என்றோம். அவள் கொப்பியை எடுத்து அதையும் வரைந்துகொண்டாள்.